அங்கி போட்டால் ஆள் சேருமா? நாஷ்வில், அன்ஆர்பர் சிஸ்டர்கள் பற்றி

வாசகர் கேள்வி, பிப்ரவரி 4

அமெரிக்காவில் கன்னியர் மடங்கள் காலியாகிக் கட்டடங்களை விற்கிறார்கள் என்று படிக்கிறோம். ஆனால் முழு அங்கி, முக்காடு, இடுப்பில் செபமாலை என்று பழைய முறையில் இருக்கும் நாஷ்வில், அன்ஆர்பர் போன்ற ஆசிரியைச் சபைகளில் சேரப் பட்டதாரிப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்களாம். அப்படியானால் அறுபதுகளில் அங்கியைக் கழற்றியதுதான் எல்லாச் சரிவுக்கும் காரணம் என்று சொல்லிவிடலாமா? அந்தப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, இரவு

நான் மிச்சிகனில் இருக்கிறேன். வேலைக்குப் போகும் வழியில் அன்ஆர்பர் டொமினிக்கன் (புனித சாமிநாதர் சபை) சிஸ்டர்களின் வேன் முன்னால் போவதைப் பார்ப்பதுண்டு, அந்த ஒரு தகுதியில் பதில் சொல்கிறேன். வளர்ச்சி உண்மை. வரிசையில் நிற்கிறார்கள் என்பது மிகை.

முதலில் அளவைப் பாருங்கள். 1965இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,80,000 அருட்சகோதரிகள் இருந்தார்கள். 2014இல் 50,000க்குச் சற்றுக் கீழே வந்துவிட்டது. இப்போது 40,000கூட இல்லை, அதிலும் பெரும்பாலோர் எழுபதைத் தாண்டியவர்கள். நீங்கள் கேட்கும் இரண்டு சபைகளில் நாஷ்வில் சபைக்குச் சுமார் 300 பேர், அன்ஆர்பர் சபைக்கு அதில் பாதி. கூட்டிப் பார்த்தால் பழைய காலத்துப் பெரிய சபை ஒன்றின் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. ஆனால் இவர்கள் நடந்து வந்தால் தெரியும், இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கும் பெண்கள் கூட்டமாக வருகிறார்கள். மற்ற மடங்களில் ஐம்பது வயது சிஸ்டரை 'சின்ன சிஸ்டர்' என்று கூப்பிடுகிறார்கள், கேலிக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான்.

பிப்ரவரி 5

நாஷ்வில் கதை தெரியாதவர்களுக்காக. 1860இல் ஒஹாயோ மாநிலம் சாமர்செட்டிலிருந்து நான்கு டொமினிக்கன் சிஸ்டர்கள் டென்னசி மாநில நாஷ்வில்லுக்கு வந்தார்கள். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று அழைத்தவர் ஆயர் (பிஷப்) வீலன், அவரும் புனித சாமிநாதர் சபைக்காரர்தான். வந்த மறு வருடமே உள்நாட்டுப் போர். பள்ளி கடனில் மூழ்கி, போர் முடிந்தபின் சொத்து ஏலத்துக்கே வந்தது. அடுத்த ஆயரான ஃபீஹன் அதை மீட்டுக் கொடுத்திருக்காவிட்டால் இன்று நாம் பேசுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது. புனித செசிலியா பெயரில் இருக்கும் சபை அது. தெற்கில் கத்தோலிக்கர் குறைவு, பாப்டிஸ்டுகள் நடுவில் ஒரு சின்னச் சபையாக நூறு வருடம் ஓட்டியிருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது: சுற்றியிருப்பவர்கள் எல்லாம் வேறு சபைக்காரர்கள் என்ற இடத்தில் 'நாங்கள் யார்' என்று தினமும் சொல்லிப் பழகியவர்களுக்கு அறுபதுகளின் குழப்பம் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கலாம். இது என் ஊகம்தான், யாரும் மேற்கோள் காட்டிவிடாதீர்கள்.

அன்ஆர்பர் சபை இதன் கிளை மாதிரி, ஆனால் தனிச் சபை. 1997இல் நாஷ்வில்லிலிருந்து பிரிந்த நான்கு சிஸ்டர்கள், மதர் அசம்ப்டா லாங் தலைமையில் தொடங்கியது. நியூயார்க் கர்தினால் ஓ'கானர் ஆதரவு கொடுத்தார். இங்கே மிச்சிகனில் இடம் பிடிக்கக் கைகொடுத்தவர் டாமினோஸ் பீட்சாவைத் தொடங்கிய டாம் மோனகன். ஆமாம், பீட்சா விற்ற காசு பள்ளிக்கூடமாக மாறியிருக்கிறது. என் வீட்டில் வெள்ளிக்கிழமை பீட்சா கேட்டால் இந்தக் காரணம் சொல்லித்தான் அனுமதி வாங்குகிறார்கள் (1998இலேயே அவர் கம்பெனியை விற்றுவிட்டார் என்று நான் சொல்லவில்லை).

பிப்ரவரி 5, மதியம்

"இவர்கள் பழைய லத்தீன் பூசைக்காரர்கள்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. இரண்டு சபையும் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (அறுபதுகளில் நடந்த திருச்சபைச் சீர்திருத்த மாநாடு) பிந்திய திருப்பலியைத்தான் கொண்டாடுகிறார்கள், லத்தீன் பாடல்கள் நிறைய வரும், அவ்வளவுதான். அந்தச் சங்கத்தை எதிர்ப்பவர்களும் இல்லை. பழமை என்றாலே எல்லாரையும் ஒரே பையில் போடும் பழக்கம் நம்மவர்களுக்கும் வந்துவிட்டது.

பிப்ரவரி 7

அங்கி விஷயத்துக்கு வருகிறேன். நேற்று முழுக்க இங்கே 'அங்கியைக் கழற்றினார்கள், ஆள் போனது' என்று ஒரே பாட்டு. ஒரு சின்னக் கேள்வி. 1960இல் ஏறத்தாழ எல்லா மடங்களிலும் முழு அங்கியில்தான் இருந்தார்கள். அந்த அங்கிக்குள் இருந்த பெண்கள்தானே அடுத்த பதினைந்து வருடத்தில் ஆயிரக்கணக்கில் வெளியே போனார்கள்? அங்கி ஆளைப் பிடித்து வைக்கும் என்றால் அப்போதே பிடித்து வைத்திருக்க வேண்டுமே.

உள்ளே என்ன நடந்தது என்று பார்க்காமல் இதைப் பேச முடியாது. 1884இல் பால்டிமோரில் கூடிய அமெரிக்க ஆயர்கள் மாமன்றம் ஒவ்வொரு பங்கிலும் (ஒரு கோயிலைச் சேர்ந்த ஊர்ப் பிரிவு) இரண்டு வருடத்துக்குள் ஒரு பள்ளி கட்ட வேண்டும் என்று ஆணை போட்டது. கட்டடம் பங்கு மக்கள் காசு, சரி. ஆசிரியர்? சம்பளம் என்று சொல்ல முடியாத ஒரு சிறு தொகைக்கு வேலை செய்ய சிஸ்டர்கள் இருந்தார்கள். கத்தோலிக்கக் குடியேறிகள் பெருகப் பெருக, பள்ளிகள் பெருகின. நவசந்நியாசம் (மடத்தின் தொடக்கப் பயிற்சி) முடிந்த பத்தொன்பது வயதுப் பெண்ணை, பட்டப்படிப்பு இல்லாமல், ஐம்பது அறுபது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் நிறுத்தினார்கள். அவள் கோடை விடுமுறைதோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துப் பட்டம் வாங்க இருபது வருடம் ஆகும். அவர்களே அதை 'இருபதாண்டுத் திட்டம்' என்று கிண்டல் செய்துகொண்டார்கள். 1949இல் சிஸ்டர் மாடலேவா வுல்ஃப் என்ற கல்லூரித் தலைவர், 'சிஸ்டர் லூசி' என்ற ஒரு கற்பனைப் பெண்ணை வைத்து, இவளை முழுதாகப் படிக்க வைத்த பிறகு வகுப்புக்கு அனுப்புங்கள் என்று ஆசிரியர் மாநாட்டில் வாதாடினார். அதிலிருந்துதான் ஐம்பதுகளில் சிஸ்டர்களின் கல்விக்கென்று ஓர் இயக்கமே பிறந்தது.

இதன் உச்சம் லாஸ் ஏஞ்சலஸ். மாசற்ற இருதய மரியா சபை சிஸ்டர்கள் 1967இல் தங்கள் பொதுக்கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். அங்கி அவரவர் விருப்பம் என்பது மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதே கூட்டத்தில், தயாரிப்பில்லாத ஆசிரியைகளை இனி அனுப்ப மாட்டோம், வகுப்பில் பிள்ளைகள் எண்ணிக்கை குறைய வேண்டும் என்றும் சொன்னார்கள். கர்தினால் மெக்கின்டயர் ஒப்புக்கொள்ளவில்லை, மறைமாவட்டப் பள்ளிகளை விட்டுப் போகச் சொன்னார். 1970இல் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் வார்த்தைப்பாட்டிலிருந்து (துறவற உறுதிமொழி) விடுபட்டுத் தனிக் குழுவாகிவிட்டார்கள். அங்கிச் சண்டை என்று நாம் நினைக்கும் ஒன்றில் பாதி வகுப்பறைச் சண்டை.

பிப்ரவரி 8

தனிச் செய்தியில் ஒருவர், "நீங்கள் சிஸ்டர்களிடம் படித்தவரா, இவ்வளவு பரிந்து பேசுகிறீர்கள்" என்கிறார். படித்தேன், தூத்துக்குடிப் பக்கம். பரிவு எல்லாம் பிறகு வந்தது. ஏழாம் வகுப்பில் கணக்கு சிஸ்டர் மர ஸ்கேலைப் படுக்கப் போடாமல் விளிம்பால் அடிப்பார், குளிர்காலத்தில் இன்னும் அந்த விரல் கணு நினைவுக்கு வரும். அதே சிஸ்டர்தான் அப்பா கடலுக்குப் போகாத மாதங்களில் எனக்கும் என் தங்கைக்கும் மதியச் சாப்பாடு மடத்திலிருந்து வரவைத்தார், யாருக்கும் தெரியாமல். இரண்டும் ஒரே ஆள். அவருக்கு வகுப்பில் எழுபது பிள்ளைகள், மாலையில் விடுதி, ஞாயிறு ஞானோபதேசம். ஓய்வு எப்போது என்று அன்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை. சிஸ்டர் லூசி பற்றிப் படித்தபோது எனக்கு மாடலேவா சொன்ன பெண் முகம் தெரியவில்லை, இவர் முகம்தான் வந்தது.

பிப்ரவரி 9

இங்கே எனக்கு ஒரு வசதி இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க. அன்ஆர்பரிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் காரில் போனால் ஏட்ரியன். அங்கேயும் டொமினிக்கன் சிஸ்டர்கள்தான், அதே சாமிநாதர். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த சபை, மிச்சிகன் முழுக்கப் பள்ளிகள் நடத்தியவர்கள். இன்று அங்கி இல்லை, சாதாரண உடை, வயதானவர்கள். இவர்களை 'நவீனத்தால் கெட்டவர்கள்' என்று எழுதுகிறவர்கள் ஒருமுறை போய்ப் பேசிப் பார்க்கட்டும். கம்பெனிப் பங்குகளை வாங்கி வைத்துக்கொண்டு பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து நின்று கூலி, ஆயுதம், சுற்றுச்சூழல் என்று கேள்வி கேட்கும் வேலையை எழுபதுகளிலிருந்து செய்கிறவர்கள்.

ஆனால் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி அவர்களை எங்கே பார்ப்பாள்? பள்ளியில் இல்லை. ஒரு சிஸ்டர் ஒரு அடுக்ககத்தில், இன்னொருவர் வேறு ஊரில் சட்ட உதவி மையத்தில், மூன்றாமவர் மருத்துவமனை ஆட்சிக்குழுவில். அவரவர் வேலை அருமையான வேலை. சேர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றினாலும், எதில் சேர்வது?

அன்ஆர்பர், நாஷ்வில் சிஸ்டர்கள் பள்ளிக்குத் தனியாக ஒருவரை அனுப்புவதில்லை. நான்கைந்து பேராகப் போவார்கள், ஒரே வீட்டில் இருப்பார்கள், விடிவதற்கு முன் எழுந்து ஒன்றாகச் செபித்து, பூசை கண்டு, ஒரே பள்ளிக்குப் போய், மாலையில் திரும்பி ஒன்றாகச் செபித்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். பிள்ளைகள் பார்ப்பது அந்தக் கூட்டத்தை, இடைவேளையில் அங்கியோடு கூடைப்பந்து ஆடுகிற, தங்களுக்குள் சிரித்துக்கொள்கிற ஒரு கூட்டத்தை. அங்கி அந்தக் கூட்டத்தைத் தூரத்திலிருந்து அடையாளம் காட்டுகிறது. அதற்கு மேல் அதன் மேல் பாரம் ஏற்ற நான் தயாராக இல்லை.

பிப்ரவரி 11

மேலே எழுதியதற்கு ஒரு திருத்தம் தேவைப்படுகிறது என்று ஒரு நண்பர் சொன்னார், யோசித்துப் பார்த்தேன், பாதி ஒத்துக்கொள்கிறேன். 2009இல் புதிதாகச் சேர்ந்தவர்களைப் பற்றி அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. இளையவர்களை இழுப்பது எது என்று கேட்டதில் சேர்ந்து வாழ்வது, சேர்ந்து செபிப்பது, நற்கருணை ஆராதனை, அப்புறம் அங்கியும்கூட முக்கியமாக வந்தது. ஆக அங்கியை நான் நினைத்ததைவிட அந்தப் பெண்களே கொஞ்சம் அதிகம் மதிக்கிறார்கள். தியாகம் செய்வதென்றால் அது கண்ணுக்குத் தெரியட்டுமே என்று நினைக்கும் வயது அது.

ஆனால் அதே காலத்துக் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது, அதைப் பழமைக்காரர்கள் சொல்வதே இல்லை. அமெரிக்காவில் சபைத் தலைவிகளுக்கு இரண்டு பேரவைகள். பழையது, பெரியது, ஏட்ரியன் போன்றவர்கள் இருப்பது. மற்றது 1992இல் ரோமின் ஒப்புதல் பெற்றது, நாஷ்வில் போன்றவர்கள் இருப்பது. பயிற்சியில் இருக்கும் பெண்களை எண்ணினால் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம். பழைய பேரவையில் சபைகள் பல மடங்கு அதிகம் என்பதால் அங்கே சபைக்கு ஒன்றிரண்டு பேராகச் சிதறிப்போகிறது, வருகிறவர்களுக்கு வயதும் கூடுதல். இந்தப் பக்கம் சில மடங்களில் குவிகிறது. அங்கி அணியும் சபைகளிலும் ஆளே வராதவை இருக்கின்றன. அவற்றைப் பற்றி யார் வீடியோ எடுக்கப் போகிறார்கள்?

வீடியோ என்றதும் ஞாபகம்: அன்ஆர்பர் சிஸ்டர்கள் 2010இல் ஓப்ரா என்ற பிரபல அமெரிக்க டிவி நிகழ்ச்சியில் வந்தார்கள். 2014இல் டிவி பைபிள் வினாடி வினாப் போட்டியில் ஜெயித்தார்கள். விளம்பரம் தெரிந்தவர்கள், அதை மறைக்கவும் இல்லை. என் அம்மா அந்த வினாடி வினாத் துண்டைப் பார்த்துவிட்டுக் கேட்ட ஒரே கேள்வி, "மதர்கிட்ட பெர்மிஷன் வாங்கினாங்களா?"

பிப்ரவரி 12

அழியாத உடலோடு இருந்த சிஸ்டர் இந்தச் சபைதானே என்று கேட்டவருக்கு: இல்லை. அது மிசௌரியில் கோவர் என்ற ஊர், பெனடிக்டைன் சிஸ்டர்கள். 2019இல் இறந்த சிஸ்டர் வில்ஹெல்மினாவின் உடலை 2023இல் தோண்டியபோது கூட்டம் கூடியது. அவர்கள் பள்ளி நடத்துகிறவர்கள் இல்லை, மடத்துக்குள் செபமும் தோட்டமும் பூசை உடை தைப்பதுமாக இருப்பவர்கள்.

ஆனால் சிஸ்டர் வில்ஹெல்மினா யார் என்று பார்த்தால் நம் பேச்சுக்குள் நேராக வந்து நிற்கிறார். அவர் கறுப்பினப் பெண். ஐம்பது வருடம் பால்டிமோரின் தெய்வ பராமரிப்பு ஒப்லேட் சபையில் இருந்தவர். 1829இல், அடிமை முறை சட்டப்படி இருந்த ஊரில், கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க மதர் மேரி லாங்கே தொடங்கிய ஆசிரியைச் சபை அது. அமெரிக்க ஆசிரியைச் சிஸ்டர்கள் என்றாலே ஐரிஷ், ஜெர்மன் முகங்கள்தான் நமக்கு வருகின்றன, அதனால்தான் இதை நீட்டிச் சொல்கிறேன். சபை பழைய அங்கியை விட்டதில் அவருக்கு வருத்தம், 1995இல் எழுபதைத் தாண்டிய வயதில் வெளியேறிப் புதிய மடம் தொடங்கினார். என் வாதத்துக்கு இது கொஞ்சம் எதிராகப் போகும் கதை என்று தெரியும். இருக்கட்டும்.

பிப்ரவரி 15

காசைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே.

திருச்சபைச் சட்டம் 644 என்ன சொல்கிறது தெரியுமா? திருப்பிக் கட்ட முடியாத கடன் உள்ளவரை நவசந்நியாசத்தில் சேர்க்கக் கூடாது. அந்தக் காலத்தில் இது எத்தனை பேருக்குப் பொருந்தியிருக்கும்? இன்று அமெரிக்காவில் கல்லூரி முடிக்கும் பெண் பல்லாயிரம் டாலர் கல்விக்கடனோடு வெளியே வருகிறாள். துறவற அழைத்தல் இருக்கிறது, மடம் ஏற்றுக்கொள்ளத் தயார், வங்கி விடவில்லை. இதற்கென்றே நன்கொடை திரட்டிக் கடனை அடைத்துக் கொடுக்கும் அமைப்புகள் இங்கே இருக்கின்றன, லபூரே சொசைட்டி அவற்றில் ஒன்று. நம் ஊரில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கக் கடன் வாங்குவார்கள், இங்கே பெண் மடத்துக்குப் போகக் கடன் அடைக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், இளைய சிஸ்டர்கள் வந்தால் கத்தோலிக்கப் பள்ளிக் கட்டணம் பழையபடி குறையும் என்று சிலர் கனவு காண்கிறார்கள். அறுபதுகளின் நடுவில் இங்கே கத்தோலிக்கப் பள்ளிகளில் 50 லட்சத்துக்கும் மேல் பிள்ளைகள். இன்று 20 லட்சத்துக்கும் கீழே. அன்று ஆசிரியர்களில் பாதிக்கு மேல் துறவிகள், இன்று நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். நானூறு ஐந்நூறு சிஸ்டர்கள் அந்தக் கணக்கில் எதையும் அசைக்க மாட்டார்கள். மேலும், சிஸ்டர்களுக்கு அன்று ஒழுங்கான சம்பளம் கொடுக்காததன் பில் பிறகு வந்தது: வயதான துறவிகளைப் பராமரிக்க 1988இலிருந்து ஒவ்வொரு டிசம்பரிலும் நாடு முழுக்கக் கோயில்களில் தனிக் காணிக்கை எடுக்கிறார்கள். மலிவாகக் கிடைத்த பள்ளிக்கூடத்துக்குப் பேரப்பிள்ளைகள் காலத்தில் தவணை கட்டுகிறார்கள் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 16

நம் ஊர்ச் சிஸ்டர்கள் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. நாஷ்வில்லுக்கும் முந்தியது நம் பாண்டிச்சேரி கதை, 1844இல் துப்புய் சுவாமி பெண்கள் படிக்க வேண்டும் என்று தொடங்கிய சபை. அங்கி விவாதம் நம் ஊரில் அந்த வடிவில் வரவே இல்லை, நம் சிஸ்டர்கள் பலர் ஒரே நிறச் சேலைக்கு மாறினார்கள், பஸ்ஸில் ஏறினால் இன்னமும் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். ஆனாலும் எங்கள் கடற்கரை ஊரில், என் சித்தி காலத்தில் வீட்டுக்கு ஒரு பெண் மடத்துக்குப் போனதெல்லாம் இப்போது இல்லை. பிள்ளைகள் இரண்டு, இரண்டும் நர்சிங் அல்லது இன்ஜினியரிங். சேலையா அங்கியா என்பதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பிப்ரவரி 20

இரண்டாம் யோசனை. நான் மேலே எழுதியதைப் படித்தால் ஏதோ 'கூட்டாக இருங்கள், ஆள் சேரும்' என்று வழி சொல்வது மாதிரி இருக்கிறது. 1950களிலும் கூட்டாகத்தான் இருந்தார்கள். வித்தியாசம் என்னவென்றால் அன்று கெட்டிக்காரப் பெண் ஒருத்தி பள்ளி முதல்வராகவோ, மருத்துவமனை நடத்துபவராகவோ, கல்லூரித் தலைவராகவோ ஆக வேண்டுமானால் மடம்தான் பெரிய வாசல். மற்ற வாசல்கள் திறந்ததும் பலர் அந்த வழியே போனார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இன்று நாஷ்வில் போகிற பெண்ணுக்கு எல்லா வாசலும் திறந்திருக்கிறது, பட்டமும் கையில் இருக்கிறது, தெரிந்துதான் வருகிறாள். அதனால் எண்ணிக்கை ஒருபோதும் 1965க்குத் திரும்பாது, திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொள்பவர்கள் எதை வேண்டுகிறோம் என்று யோசிக்கட்டும்.

இந்தச் சபைகள் பாடம் கற்றிருக்கின்றன என்பதற்கு ஒரு அடையாளம் உண்டு. நாஷ்வில் சபை தன் சிஸ்டர்களைப் படிக்க வைத்துத்தான் வகுப்புக்கு அனுப்புகிறது, அதற்கென்று சொந்தமாகக் கல்லூரியே வைத்திருக்கிறது. பள்ளிக்கு ஆள் கேட்கும் ஆயர்கள் பலர், எல்லாருக்கும் 'சரி' சொல்வதில்லை. சிட்னிக்கு 2007இல் போனார்கள், ஸ்காட்லாந்தில் எல்ஜினுக்குப் போனார்கள். 1884க்குப் பிறகு யாராவது 'முடியாது' என்று சொல்லியிருந்தால் சிஸ்டர் லூசி தப்பித்திருப்பாள்.

பிப்ரவரி 23

இந்த மாதிரி மடத்தில் சேரப் போகிறேன் என்கிற தங்கச்சி மகளுக்காகக் கேட்ட அக்காவுக்கு: டெக்சாஸில் பிறந்து வளர்ந்த பெண் என்றால் விசா சிக்கல் ஒன்றும் இல்லை. உடனே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், பயப்பட வேண்டாம். முதலில் 'வந்து பார்' என்று வார இறுதித் தியானம் வைப்பார்கள், அதற்குப் போய் வரட்டும். சேர்ந்தாலும் முதல் ஒரு வருடம் வெறும் போஸ்டுலன்ட் (விண்ணப்ப நிலையில் இருப்பவர்), அப்புறம் நவசந்நியாசம், அப்புறம் தற்காலிக வார்த்தைப்பாடு. நித்திய வார்த்தைப்பாட்டுக்கு ஏறத்தாழ எட்டு வருடம் ஆகும், நடுவில் எப்போது வேண்டுமானாலும் பேசி வெளியே வர வழி இருக்கிறது, வருகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் தங்கச்சி அழுவதை நிறுத்தச் சொல்லுங்கள், மகள் சட்டப்படிப்புக்கு எவ்வளவு கடன் வாங்கியிருக்கிறாள் என்பதை மட்டும் மடத்தில் முதல் பேச்சிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள்.